ஈய மூக்குத் தோட்டா

துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து பழைய இரும்பும் பித்தளையும் ஏற்றி வரும் கன்டெய்னர்களைத் திறந்து பார்க்கும்போது ஆபீஸ் சார்பாகப் பக்கத்தில் நிற்க வேண்டும். தாளில் கையெழுத்து வாங்க வேண்டும், லாரி ஏற்றி அனுப்ப வேண்டும். ஒருநாள் சரக்கையெல்லாம் திரும்ப ஏற்றியான பிறகு தரையில் ஒரு பித்தளைக் குழல் கிடந்தது. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். செருப்பு நுனியால் உருட்டிப் பார்த்தேன். துப்பாக்கித் தோட்டாவின் காலிக் கூடு. எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் புளி போட்டுத் தேய்த்ததும் அடித்தட்டில் எழுத்துகள் தெரிந்தன. வட்டமாக இரண்டு எழுத்து, வருஷத்தைச் சொல்லும் இரண்டு இலக்கம். செல்போனில் தேடினேன். ஏதோ ஒரு பெரிய யுத்தத்துக்காக ஐரோப்பாவில் செய்தது என்று தெரிந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் துப்பாக்கியில் போட்டு விசையை இழுத்திருக்கிறான், கூடு அவன் காலடியில் விழுந்திருக்கிறது. அதிலிருந்து போன குண்டு எங்கே போயிற்று? அன்றைக்கு அந்தக் கேள்வியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகு கண் பழகிவிட்டது. பித்தளைக் கழிவு வந்தால் எனக்கு ஒன்றாவது கிடைத்துவிடும். ஏழெட்டு வருஷத்தில் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையச் சேர்ந்தது. ருஷியத் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. ஜெர்மன் தோட்டாவுக்கு விளிம்பு கிடையாது, பள்ளம்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு சாடை. ஒவ்வொன்றையும் மருந்துக் குப்பியின் பஞ்சில் வைத்து, துண்டுத் தாளில் எழுதி ஒட்டினேன். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் படம் போட்டுப் பேசிக்கொள்ளும் இணையக் குழு ஒன்றில் சேர்ந்தேன். அவர்கள் என்னை மதித்தார்கள். ஆபீசில் யாரும் என்னை எதற்கும் மதித்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. "செத்தவன் சாமானையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராதிய" என்று ஒருமுறை சொன்னாள். மறுபடி சொல்லவில்லை.

சுடாத தோட்டா ஒன்றைக்கூட லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பது குற்றம் என்று எனக்குத் தெரியும். என் பெட்டியில் அப்படி ஏழு இருந்தன. பழசு, பவிசு போனது, வெடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சொந்தக்காரர் ஒருவர் புதுவீட்டு வாசல்படிக்குக் கீழே பதிக்க நல்ல சங்கு ஒன்று வேண்டும் என்று கேட்டதால்தான் கடற்கரையோரம் திரேஸ்புரத்தில் அந்தச் சங்குகுளிகாரர் வீட்டுக்குப் போனேன். நாற்பது வயதிருக்கும். பதினாறு வயதிலிருந்து கடலுக்குள் முங்கிச் சங்கு எடுப்பவர். அகலமான நெஞ்சு, மெலிந்த கால்கள், காது கொஞ்சம் மந்தம். சங்குகளைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் கதவு அடிக்காமலிருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கல்லிலிருந்து வரிசையாக ஐந்து வட்டங்கள் எட்டிப் பார்த்தன.

"அது என்னது தம்பி?" என்றேன்.

"அதா? கப்பப் பார்ல கெடச்சது அண்ணாச்சி. சங்குன்னு நெனச்சி அள்ளிட்டேன். மேல வந்து பாத்தா தோட்டா. கெடந்துட்டுப் போவட்டும்னு வச்சிருக்கோம்."

பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. முத்தும் சங்கும் எடுக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு பாருக்கும் ஒரு பேர் வைத்திருப்பார்கள். கப்பல் பாரில் பழைய கப்பல் ஒன்று உடைந்து கிடக்கிறது. எந்தக் கப்பல், எப்போது மூழ்கியது, யாருக்கும் தெரியாது. கரையிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். ஆழம் பதினெட்டுப் பாகம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம்; அப்படிப் பதினெட்டு. சங்குக்கு வழக்கமாகப் பத்துப் பாகத்துக்கு மேல் யாரும் இறங்குவதில்லை.

அன்றைக்குச் சங்கோடு அந்தக் கல்லையும் வாங்கி வந்தேன். ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்க வேறொரு செங்கலை அவர் மனைவி கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மா கருவாட்டுக் கடைகளுக்கு மீன் அறுத்துக் கொடுக்கிறவர். பேச்சு கம்மி. "கல்லுக்குப் போயி காசா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு சீசன் இப்படிப் போயிற்று. அவர் சங்குக்குப் போகும் வழியில் எப்போதாவது கப்பல் பாரில் ஒருமுறை இறங்குவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எனக்குப் போன் வரும். நான் போவேன். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, லென்ஸ் வைத்து இரண்டு பேரும் பார்ப்போம். பழைய இங்கிலீஷ் தோட்டாக்கள். உள்ளே மருந்து தூளாக இருக்காது, சேமியா மாதிரி குச்சி குச்சியாக இருக்கும். ஒருநாள் உடைந்த ஒன்றிலிருந்து அது வெளியே வந்தபோது அவர் விரலில் எடுத்து மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இத்தன வருசம் தண்ணிக்குள்ள கெடந்தும் ஊறல பாத்தியளா."

பிறகு அவரே எழுத்துக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். ஆங்கில எழுத்து அவருக்கு அவ்வளவாக வராது. அடித்தட்டைத் தடவியே, "இது போன மாசம் வந்த ஜாதிதான், புதுசில்ல" என்பார். சரியாகவும் இருக்கும்.

அந்த வைகாசியில் அவர் கொண்டுவந்த நான்கில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. குண்டின் மூக்கு மழுங்கியிருந்தது. நுனியில் மேலுறை இல்லை. உள்ளேயிருக்கும் ஈயம் சாம்பல் நிறத்தில் வெளியே தெரிந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.

அப்படி ஒரு வகை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் கல்கத்தா பக்கத்திலிருக்கும் டம்டம் என்ற ஊரில் செய்தது. மூக்கில் உறை போடாமல் ஈயத்தைத் திறந்து விட்டிருப்பார்கள். உடம்பில் பட்டதும் அது பூவாக விரிந்து உள்ளே கிழித்துக்கொண்டு போகும். பிறகு யுத்தத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நாடுகளே கூடித் தடை போட்டன. கொஞ்ச காலமே செய்தது என்பதால் இன்று கிடைப்பது மிக அபூர்வம். நான் சேர்ந்திருந்த குழுவில் ஒருவரிடம்கூட நல்ல நிலையில் இல்லை.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்பம் இத நல்லதுன்னு தேடுதியளா, கெட்டதுன்னு தேடுதியளா அண்ணாச்சி?"

"அபூர்வம்னு தேடுதேன்."

"சரிதான்" என்று தலையாட்டினார். அவருக்கு அது போதுமான பதிலாக இருந்ததா என்று தெரியவில்லை.

அடித்தட்டைத்தான் உப்பு அரித்திருந்தது. அந்தத் தொழிற்சாலையின் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைக் களிம்பு. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு பேர் பதில் போட்டார்கள். அவர்களில் ரொம்ப விஷயம் தெரிந்த ஒருவர், எழுத்து தெரிகிற மாதிரி இன்னொன்று கிடைத்தால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியும் என்று எழுதினார். நான் அந்த வரியைப் பலமுறை படித்தேன்.

மறுநாளே திரேஸ்புரம் போனேன். கச்சான் காற்று எடுக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. அது எடுத்துவிட்டால் கடல் கலங்கி, முங்குவது நின்றுவிடும். அவர் ஹோஸ் குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து அந்தக் குழாய் வழியாகத்தான் கீழே இருப்பவருக்குக் காற்றுப் போகும். அப்படி முங்கக் கூடாது என்று தடை இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும்.

"இன்னும் ஒரு தடவை போய்ப் பாக்க முடியுமா தம்பி?"

"சீசன் முடிஞ்சிட்டுல்லா. நீரோட்டம் மாறிட்டு. வார வருசம் பாப்பம்."

"அதுக்குள்ள மணல் மூடிருச்சின்னா?"

அவர் குழாயின் கடைசிச் சுற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டே ரெண்டு கெடச்சாப் போதும். அடித்தட்டு நல்லா இருக்கணும்" என்றேன். "கெஞ்சிக் கேக்கேன்னு வச்சுக்கோயேன்."

"நீங்க போயி என்கிட்டக் கெஞ்சவா" என்று அவர் சங்கடப்பட்டார். "சரி, சம்மாட்டிகிட்டக் கேட்டுப் பாக்கேன்." சம்மாட்டி என்றால் படகின் முதலாளி.

வியாழக்கிழமை ராத்திரி போனார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து கிளம்பும்போது அவர் மனைவியிடமிருந்து போன் வந்தது. படகில் வழுக்கி விழுந்துவிட்டார், கால் அசையவில்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார். அழவில்லை. "சம்மாட்டி ஒங்களுக்கும் சொல்லச் சொன்னாவ" என்று வைத்துவிட்டார். சம்மாட்டி எதற்கு எனக்குச் சொல்லச் சொன்னார் என்பது நான் பைக்கை எடுக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

அது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சம்மாட்டி படிக்கட்டிலேயே காத்திருந்தார். என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"மூணு தடவ எறங்கிட்டான் அண்ணாச்சி. வேண்டாம்னேன், கேக்கல. முதல் ரெண்டு தடவ ஒண்ணும் ஆம்பிடல. மூணாம் தடவ ரொம்ப நேரம் கெடந்துட்டு விறுவிறுன்னு மேல வந்துட்டான். தோளு வலிக்கின்னான். பொறவு கால் மரத்துட்டுன்னான். திரும்பவும் தண்ணிக்குள்ள எறக்கிப் பாத்தோம். வலி கொஞ்சம் கேட்டுது. மேல ஏத்துனதும் முன்னக்காட்டியும் மோசம்."

"டாக்டர்கிட்டச் சொன்னியளா?"

"என்னத்தச் சொல்ல? கம்ப்ரசர்னு சொன்னா படகப் புடிப்பான். எதுக்குப் பதினெட்டுப் பாகத்துக்குப் போனான்னு கேப்பான். ஒங்க பேரு வரும். வழுக்கி விழுந்தான்னு சொல்லிருக்கு. அவனும் அதான் சொல்லுதான். நீங்க சும்மா இரிங்க."

உள்ளே போனேன். அவர் மல்லாக்கப் படுத்திருந்தார். முகத்தில் அடிபட்ட மாதிரி எதுவுமில்லை. அவர் மனைவி காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து, "எந்த இடத்துல அடி?" என்று கேட்டார். "இடுப்புல. வழுக்கிட்டு" என்றார் அவர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை இலேசாக ஆட்டினார். பேசாதே என்கிற ஆட்டல்.

ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டுச் சடக்கென்று மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி நரம்பை அடைக்கும் என்று நான் எங்கோ படித்திருந்தேன். அதற்கென்று அழுத்த அறை இருக்கிறது, சீக்கிரம் அதில் வைக்க வேண்டும் என்பதும் தெரியும். தெரியாது என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது. டாக்டர் வந்தார். முதுகெலும்புக்குப் படம் எடுக்கச் சொன்னார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். வீட்டிலிருந்த ட்ரங்குப் பெட்டி எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. படம் எடுத்ததில் எலும்பில் ஒன்றுமில்லை. இன்னொரு பெரிய படம் எடுக்க வேண்டும், திங்கட்கிழமைதான் முடியும் என்றார்களாம். மத்தியானம் படகில் கூட வேலை பார்ப்பவர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு வலைப்பை.

"இத ஒங்ககிட்டச் சேத்திரச் சொன்னாவ. மூணாந்தடவ எறங்கினதுல கெடச்சது."

இரண்டு தோட்டாக்கள். சுண்ணாம்பு ஏறியிருந்தது. இரண்டிலும் மழுங்கிய மூக்கு, ஈயம். அடித்தட்டு கெட்டியாக இருந்தது.

இதை எழுதத்தான் எனக்கு இத்தனை நாளாயிற்று. நான் அந்த வலைப்பையை வாங்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அடுப்படிக்குப் போய் எலுமிச்சம்பழம் எடுத்து நறுக்கினேன். ஒரு கிண்ணத்தில் பிழிந்து இரண்டையும் போட்டேன். மூன்று மணி நேரம் காத்திருந்தேன். நடுவில் காப்பி போட்டுக் குடித்தேன். என் மனைவி அடுப்படி வாசலில் நின்று, "அந்தத் தம்பிக்கு இப்பம் எப்படி இருக்காம்?" என்று கேட்டாள். "படுத்திருக்கு" என்றேன். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போய்விட்டாள்.

பிரஷ்ஷால் தேய்த்தபோது எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. நான் தேடிய எழுத்து இல்லை. இங்கிலாந்தில் செய்தது. வகையைச் சொல்லும் ரோமன் எண்ணும் தெளிவாக இருந்தது. பிற்காலத்தில் லட்சக்கணக்கில் செய்து உலகமெல்லாம் அனுப்பிய சாதாரணத் தோட்டா. அந்த வகைக்கு மூக்கு உருண்டையாக இருக்கும். கப்பலுக்குள் மணலில் உருண்டு உருண்டு நுனியின் மேலுறை தேய்ந்து, உப்பு அரித்து, ஈயம் வெளியே வந்திருக்கிறது. அவ்வளவுதான். முதலில் கிடைத்ததும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அதில் எழுத்து இருந்திருந்தால் நான் அவரிடம் கெஞ்சியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை பாகம், எத்தனை தடவை, எதற்காக. அவர் வயதில் சிறியவர். எழுதிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"இன்னைக்கு ஞாயிறு" என்றார். அதையும் எழுதினார்.

அந்த எழுத்து மட்டும் நான் நினைத்தபடி இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை போயிருப்பேனா? போயிருப்பேன் என்று சொல்லவே ஆசைப்படுகிறேன். சத்தியம் செய்ய முடியவில்லை.

கொச்சியில்தான் அழுத்த அறை இருக்கிறது என்று தெரிந்து, ஆக்சிஜன் வைத்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன்பே அவர் மனைவியிடம் டாக்டர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அந்த அம்மா ஆம்புலன்ஸ் படியில் கால் வைத்தவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"வழுக்கி விழலன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு நாளா நான் காலத் தேச்சிக்கிட்டு இருந்தேன். பக்கத்துலதான நின்னிய."

கதவைச் சாத்தினார்கள். சம்மாட்டி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

கொச்சியில் இருபது நாள் இருந்தார்கள். நான் ஒருமுறை போனேன். கைக்கு வலு திரும்பியிருந்தது. இடுப்புக்குக் கீழே திரும்பவில்லை. சிறுநீருக்குக் குழாய் போட்டிருந்தார்கள். அன்றே கொண்டுவந்திருந்தால் நடந்திருப்பாரா என்று அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். சிலர் நடப்பார்கள், சிலர் அப்போதும் நடப்பதில்லை, சொல்ல முடியாது என்றார். அந்தச் சொல்ல முடியாதுக்குள்தான் நான் இப்போது குடியிருக்கிறேன்.

அவர் மனைவி சாப்பாடு வாங்கப் போயிருந்த நேரம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, அது அதுதானா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எடுத்தாந்தேனே ரெண்டு. டம்டம்தானா? எழுத்து இருந்துச்சா?"

அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆமா" என்றேன். "அதேதான். ரெண்டுமே."

அவர் கண்ணை மூடிச் சிரித்தார். "தடவும்போதே நெனச்சேன். இது புதுசுன்னு" என்றார். காலும் போய், கிடைத்ததும் ஒன்றுமில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்போது அது இரக்கம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரி கொடுத்த தகவலில் கடலோரப் போலீஸ் விசாரித்தது. நான் கொச்சியிலிருந்து திரும்பிய வாரத்தில் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். நானே பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு குப்பியாக எடுத்து மேசைமேல் வைத்து எண்ணினார்கள். நான் எழுதி ஒட்டிய தாளையெல்லாம் ஒருவர் சத்தமாக வாசித்தார். என் மனைவி கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எட்டு நாள் ரிமாண்டில் இருந்து ஜாமீனில் வந்தேன். அதற்குள் துறைமுகப் பாஸ் ரத்தாகி, ஆபீசில் வேறொருவர் என் நாற்காலியில் இருந்தார்.

சுடாத தோட்டாக்களை அழிப்பதற்கு உத்தரவு வாங்கி, ஊருக்கு வெளியே உப்பளத்துக்கு அப்பாலிருக்கும் தரிசில் குழி தோண்டினார்கள். என்னையும் கூட்டிப் போயிருந்தார்கள். வெடிகுண்டு நிபுணர் ஒருவர் எல்லாவற்றையும் குழிக்குள் அடுக்கி எங்களைத் தூரமாகப் போகச் சொன்னார். வெடிக்காது என்று நான் சொல்லிக்கொண்டிருந்த ஏழும் வெடித்தன. கடலிலிருந்து எடுத்தவற்றில் சிலவும் வெடித்தன. இத்தனை வருஷம் அந்தப் பெட்டியின் மேலே கட்டில் போட்டுத்தான் நாங்கள் இரண்டு பேரும் படுத்திருந்தோம். என் மனைவியிடம் இதைச் சொன்னபோது, "தெரியும்" என்றாள்.

சங்குகுளிகாரர்மேல் போலீஸ் வழக்குப் போடவில்லை. அவர் நிலையைப் பார்த்துச் சாட்சியாகச் சேர்த்தார்கள். அதுதான் வினையாயிற்று. குற்றப்பத்திரிகையோடு நிபுணர் அறிக்கையும் இருந்தது. ஒவ்வொரு தோட்டாவும் என்ன வகை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். சாட்சி சொல்வதற்கு முன்னால் அவருக்கு யாரோ அதைத் தமிழில் வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள். டம்டம் என்று ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அவுக பாக்க வாரவங்ககிட்டயெல்லாம் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாவ. ஒலகத்துல யாருக்கும் கெடைக்காதது எனக்குக் கெடச்சதுன்னு. மாதா கெபிக்கு மெழுகுதிரி ஏத்த வந்த கெழவிகிட்டக்கூட. இன்னைக்குக் காலையிலயிருந்து வாயத் தொறக்கல."

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எங்ககிட்ட எப்பத்தான் உள்ளதச் சொல்லுவிய நீங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை. தெருவில் இறங்கிப் போய்விட்டார். என் மனைவி பின்னாலேயே போய், அவரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோர்ட் மாடியில் இருந்தது. முதல் வாய்தாவுக்கு அவரை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருவர் கை நழுவி நாற்காலி சாய்ந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிக்கக் கையை நீட்டினேன். "நீங்க தொடாதிய" என்றார் அவர் மனைவி. சத்தம் போடாமல்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்டது. மேலே போய் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு, நீதிபதி லீவு என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். மறுபடி கீழே தூக்கிப் போனார்கள். அடுத்த தடவை அரசு வக்கீல் வரவில்லை. மூன்றாவது தடவை என் வக்கீலே நேரம் கேட்டார்.

நான் அவரிடம் ஏன் என்று கேட்டேன்.

"இழுக்கணும் அண்ணாச்சி. இழுக்க இழுக்க நமக்கு நல்லது. அந்த ஆளு எத்தன தடவ வருவான்? ஒருநாள் வராம இருப்பான். அன்னைக்குக் கேசு தளர்ந்துரும். ரெண்டு மூணு வருசத்துல நீங்க கேச விட்டு வெளிய."

"அவர் மூத்திரப் பையோட வாராரு."

"அதாம் சொல்லுதேன்" என்றார் வக்கீல். அவர் கெட்டவர் இல்லை. அவர் தொழில் அது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்று. என் பி.எஃப். பணம், சேமிப்பு, அவள் சம்பளம் எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் அவள் பேசினாள். "உள்ள போட்டா எத்தன மாசம்?" என்றாள். தெரியாது என்றேன். "சரி, போயிட்டு வாங்க" என்றாள்.

அடுத்த வாய்தாவில் கூண்டில் ஏறி, எல்லாம் உண்மை, நான்தான் எடுக்கச் சொன்னேன், சாட்சி யாரையும் விசாரிக்க வேண்டாம் என்று சொன்னேன். வக்கீல் தாளைக் கீழே வைத்துவிட்டார். நீதிபதி என்னிடம் இரண்டு தடவை கேட்டார், யாராவது மிரட்டினார்களா என்று. இல்லை என்றேன். தோட்டாக்கள் பழையவை, விற்பதற்காக வைத்திருக்கவில்லை, முந்தைய வழக்கு எதுவுமில்லை என்று சொல்லித் தண்டனையைக் குறைத்தார். நான்கு மாதம். பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்தேன். அங்கே நடந்ததில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. காலையில் எழுந்தோம், வரிசையில் நின்றோம், படுத்தோம்.

தண்டனை சொன்ன அன்று என்னைப் போலீஸ் வேனில் ஏற்றக் கீழே கொண்டுவந்தபோது, வேப்பமரத்தடியில் ஆட்டோவுக்குள் அவர் உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு வரச் சொல்லியிருந்ததால் வழக்கம்போல வந்திருக்கிறார். மேலே தூக்கிப் போவதற்கு ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவர் மனைவி தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார். கூட வந்த போலீஸ்காரர் என்னை ஒரு நிமிஷம் நிற்க விட்டார்.

"என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டார். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

"ஒத்துக்கிட்டேன். கேசு முடிஞ்சிட்டு."

அவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்து முன்னால் நகர்ந்தார். தாடி நரைத்திருந்தது. அகலமான நெஞ்சு வற்றிப் போயிருந்தது.

"அப்பம் இனிம நான் இங்கன வர வேண்டாமா?"

"வேண்டாம்."

"நெசமாத்தான் சொல்லுதியளா?"

"நெசமாத்தான்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா மாடி ஜன்னலைப் பார்த்தார், என் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தார். "ஆமாம்மா, முடிஞ்சிட்டு" என்றார் போலீஸ்காரர். அதன் பிறகுதான் அந்த அம்மா பாட்டிலை மூடிப் பையில் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்.